பாடசாலையின் வினைத்திறனை அளத்தல்

பாடசாலையொன்று செவ்வனே நடைபெறுகின்றதா என வினவின், நம்மவர் சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தியோரின் நூற்றுவீதத்தையே விடையாகக் கூறுவர். அவ்வீதம் பொய்யன்று, ஆயினும் கேட்ட வினாவுக்குரிய விடையுமன்று. திருகோணமலை நகரத்துக் கல்லூரியொன்றையும் புல்மோட்டை வீதியிலுள்ள குச்சவெளியின் பாடசாலையொன்றையும் அவ்வீதங்கொண்டு ஒப்பிடுவோர், ஆசிரியர் தொகையையும் ஆய்வுகூடத்தையும் மாணவரின் இல்லத்து நிலையையும் மறந்துவிடுகின்றனர். வினைத்திறன் என்பது பெற்ற பயனோடு இட்ட வளத்தையும் சேர்த்து நோக்குவதாகும்.

1957இல் பாரெல் என்னும் பொருளியலறிஞர், ஒரு நிலையத்தை இலட்சிய அளவொன்றோடன்றி, அதனையொத்தவற்றுட் சிறந்தவற்றோடு ஒப்பிடும் முறையை எடுத்துரைத்தார். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவரும் ஏகபரிமாணத் திட்டமிடலால் அதனை விரித்தனர். பின்னர் அமெரிக்கப் பாடசாலைகளில் நடைபெற்ற கல்வித் திட்டமொன்றை மதிப்பிடவும் அதனையே பயன்படுத்தினர்.

அம்முறையில், பயன்களின் நிறையிட்ட கூட்டுத்தொகையை வளங்களின் நிறையிட்ட கூட்டுத்தொகையால் வகுப்பர். எப்பயனுக்கு எவ்வளவு நிறை என்பதை ஒவ்வொரு பாடசாலையும் தனக்குச் சாதகமாகவே தெரிந்துகொள்ளலாம். (தன் வழக்கிற்குத் தானே சட்டத்தரணி எனலாம்.) நிபந்தனை ஒன்றே: அந்நிறைகளால் எப்பாடசாலையின் ஈவும் 1ஐ விஞ்சலாகாது. 0.8 பெற்ற பாடசாலையின் பயனை, சிறந்தவற்றின் நடைமுறையால் ஐந்தில் நான்கு பங்கு வளத்தைக்கொண்டே பெறலாம் என்பது பொருள்.

இங்கேதான் அபாயமும் உண்டு. கணித ஆசிரியர் ஒருவரேனும் இல்லாத பாடசாலை, சிறிது வளத்தாற் சிறிது பயனைப் பெற்று, 1 என்னும் ஈவோடு முன்னணியில் நிற்கக்கூடும். அவ்வெண்ணைக் கண்டு, 'இங்கு ஆசிரியர் வேண்டியதில்லை' என அதிகாரியொருவர் முடிவு செய்வாராயின், குற்றம் கணிதத்தினதன்று. வினைத்திறனையும் போதுமையையும் ஒன்றெனக் கொண்டதன் குற்றமாகும்.

சிறுதொகையும் ஏமாற்றும். சித்திபெறும் நிகழ்தகவு பாதியாயின், இருபது மாணவர் தோற்றும் பாடசாலையில் அவ்வீதத்தின் நியம வழு ஏறத்தாழ 11 நூற்றுவீதம். நானூறு பேர் தோற்றுமிடத்து 2.5 மாத்திரமே. ஆதலால், சிற்றூர்ப் பாடசாலையொன்றின் ஓராண்டு ஏற்றத்தைப் புகழ்வதும் மறு ஆண்டு இறக்கத்தை இகழ்வதும் பெரும்பாலும் தற்செயலோடு வாதிடுவதேயாம். மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பெறுபேறுகளை ஒருங்கு சேர்த்தல் வேண்டும். ஆறாந்தரத்திற் சேர்ந்தபோது மாணவர் இருந்த நிலையையும் வளங்களுள் ஒன்றாகக் கொள்ளல் வேண்டும். பரீட்சைக்கு முன்னரே கடற்றொழிலுக்கோ கூலிவேலைக்கோ சென்றுவிட்ட பிள்ளை எந்த வீதத்தின் பகுதியெண்ணிலும் இடம்பெறுவதில்லை. அப்பிள்ளையையும் எண்ணுதற்குச் சேர்விடாப்பே கணக்கின் தொடக்கமாதல் வேண்டும்.