வீரருக்கு வீடு: மீஞ்சூரில் கடல் காற்று என்ன விலை?

ஒப்பந்தமாகிச் சென்னைக்கு வரும் கால்பந்து வீரருக்கோ ஹாக்கி வீரருக்கோ வீடு பார்க்கச் சொன்னால், புரோக்கர்கள் வாயில் வரும் பெயர்கள் நாலைந்துதான். போட் கிளப், ஆர்.ஏ.புரம், அண்ணா நகர், நீலாங்கரை. ஆனால் வண்டலூரில் தொடங்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வடக்கே மீஞ்சூரில் வந்து முடிந்ததிலிருந்து, இந்தப் பக்கத்து மனை விளம்பரங்களிலும் 'வில்லா', 'கேட்டட் கம்யூனிட்டி' எல்லாம் சகஜமாகிவிட்டன. நீலாங்கரையில் கார் நிறுத்தும் இடத்துக்கு ஆகிற காசில் இங்கே தோட்டமே போடலாம், ஜிம் வைக்கலாம். வேலைக்காக ஊர் மாறி வரும் விளையாட்டு வீரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூச்சு வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறோம். பயிற்சி பெற்ற வீரர் முழு வேகத்தில் ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டிவிடும். அதில் பெரும்பங்கு வாய் வழியாகப் போவதால், மூக்கு வடிகட்டித் தரும் வேலையும் நடப்பதில்லை. நுண்துகள் பிஎம் 2.5 கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. நாற்பதையே நல்ல காற்று என்று வைத்துக்கொண்டாலும், அதை வாசலில் நின்று பேப்பர் படிப்பவர் இழுப்பதும் பந்தைத் துரத்துபவர் இழுப்பதும் ஒன்றா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'கடல் காற்று' என்று சொன்னாலே வாடகை ஏறும். மீஞ்சூரில் கணக்கு தலைகீழ். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் வல்லூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம். அதற்கப்பால் இன்னும் சில புகைபோக்கிகள், சாம்பல் குட்டைகள், நிலக்கரி இறங்கும் துறைமுகம். கோடையில் மதியத்துக்கு மேல் கிளம்பும் கடல் காற்று இத்தனையையும் தடவிக்கொண்டுதான் ஊருக்குள் நுழைகிறது. சரியாக வீரர்கள் ஷூ மாட்டுகிற நேரம். காலையில் துடைத்த தண்ணீர்த் தொட்டி மூடியில் சாயங்காலம் விரல் வைத்தால் சாம்பல் நிறத்தில் ரேகை விழும். காலையில் ஓடலாமே என்றால், மார்கழிப் பனியில் புகை மேலே எழும்பாமல் தலைக்கு மேலேயே படுத்துக் கிடக்கும். கால்பந்து லீக் வழக்கமாகச் சூடு பிடிப்பதும் பனிக்கால மாதங்களில்தான்.

கடலோரமாகப் போய் ஓடலாம் என்பவர்கள் 2023 டிசம்பரை மறந்திருப்பார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு ஆலைக் குழாயில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்தில் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தண்ணீர்க் கதை நீளம், சுருக்கிவிடலாம். 1960களின் கடைசியிலிருந்தே இங்கே நிலத்தடியில் கடல்நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. 2010இல் காட்டுப்பள்ளியில் வந்த, நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு ஊர் பெயர்தான் மீஞ்சூர்; தண்ணீர் சென்னைக்கு.

கேட்டட் கம்யூனிட்டி விஷயத்தில் ஒரு சிக்கல், எந்தப் பேட்டைக்கும் பொருந்தும். ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் இருக்கும் வீரர், தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே முகவரி தர வேண்டும். பரிசோதகர் சொல்லாமல்தான் வருவார். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை ஆள் அகப்படாவிட்டால் தடை வரை போகும். வாட்ச்மேன் கண்டிப்பானவராக இருந்து, இன்டர்காமும் வேலை செய்யாவிட்டால் போச்சு.

இந்தப் பக்கத்து ஆலைகள் வேலை தந்தன, சாலை தந்தன, மனை விலையை ஏற்றின என்கிறார்கள் ஊர்க்காரர்கள் சிலர். உண்மைதான்.

ஆனால் வசதியுள்ள வீரருக்குப் பிடிக்காவிட்டால் ஒரு போன் போட்டு அண்ணா நகருக்குப் போய்விடுவார். திருவொற்றியூர்–பொன்னேரி சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதிக்குப் பக்கத்திலேயே தினமும் பந்து உதைக்கும் பையன்களுக்கு அந்த வசதி இல்லை. நாளைக்கு ஒரு கிளப்போ, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தரும் அலுவலகமோ அவர்களை ஓடவிட்டுப் பார்க்கும்போது, யாருடைய நுரையீரலோடு அவர்களை ஒப்பிடப்போகிறது? அவர்களுக்கு அரங்கம் கட்டுவதற்கு முன்னால் பள்ளி மைதானத்து ஓரத்தில் ஒரு காற்றுமானி வைத்து, அன்றன்றைய அளவைப் பலகையில் எழுதிப் போடலாம். அளவு ஏறிய நாளில் பி.டி. மாஸ்டர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உள்ளே கேரம் போர்டை எடுக்கலாம். வடசென்னைக்கு அதுவும் சாம்பியன்களைத் தந்த ஆட்டம்தானே.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பக்கம் வில்லா பார்த்தே தீருவேன் என்கிற வீரர்கள், புரோக்கர் அழைக்கும் ஞாயிறு காலையில் வர வேண்டாம். வேலை நாளில், மாலை ஐந்து மணிக்கு வந்து, முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள்.