கால் சுற்று எங்கே போனது?

நம் செல்களில் டி.என்.ஏ. தனியாகக் கிடப்பதில்லை; ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஒரு குட்டி உருளை, அதன்மேல் 147 கார இணை நீளத்துக்கு டி.என்.ஏ. 1974-இல் ரோஜர் கோர்ன்பெர்க் முன்வைத்த இந்த அமைப்புக்கு நியூக்ளியோசோம் என்று பெயர்.

டி.என்.ஏ. எத்தனை சுற்று சுற்றுகிறது? இதற்குப் பள்ளிக் கணக்கே போதும்.

ஒரு கார இணைக்கு 0.34 நானோமீட்டர், 147-க்கு 50. டி.என்.ஏ.யின் நடு அச்சு வளையும் வட்டத்தின் ஆரம் 4.2 நானோமீட்டர். எனவே சுற்றளவு 26.4. சுருள் என்பதால் சுற்றுக்கு 2.6 நானோமீட்டர் ஏறவும் வேண்டும். உருளையை நெடுக்கில் வெட்டி விரியுங்கள்: ஒரு சுற்று, செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகிவிடும். பித்தாகரஸ் தேற்றப்படி அதன் நீளம் 26.5. ஏற்றத்தால் கூடியது வெறும் 0.1! 50-ஐ 26.5-ஆல் வகுத்தால், 1.9 சுற்று.

ஆனால் 1997-இல் சூரிச்சில் கரோலின் லூகர், திமோதி ரிச்மண்ட் குழுவினர் எக்ஸ்-கதிர்களால் கண்ட படிக அமைப்பில் இருந்தது சுமார் 1.65 சுற்றுதான். கால் சுற்று குறைகிறது. வகுத்ததில் பிழையில்லை, முழு நீளமும் வளைவதாக நாம் வைத்துக்கொண்டதுதான் பிழை. இரு முனைகளிலும் பத்துப் பத்து கார இணைகள் ஏறக்குறைய நேராகவே போகின்றன. அவற்றைக் கழித்துவிட்டு 127-க்குப் போட்டுப் பாருங்கள்: 43.2-ஐ 26.5-ஆல் வகுக்க, 1.63. கணக்கு நேராகிவிட்டது.

பம்பரத்தில் சாட்டை சுற்றுவதுபோல என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சாட்டை துவளும், டி.என்.ஏ. விறைப்பானது. தன் போக்கில் விட்டால் 50 நானோமீட்டர் வரை பெரிதாக வளையாது. அதன் தடிமன் 2 நானோமீட்டர் என்பதால் உள்விளிம்பின் ஆரம் 3.2, வெளிவிளிம்பின் ஆரம் 5.2. அதாவது வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட 1.6 மடங்கு நீளமாக வேண்டும். உள்ளே நெருக்கம், வெளியே இழுவை. இதைத் தாங்கவைப்பது மின்னூட்டம். டி.என்.ஏ.யின் பாஸ்பேட்டுகள் எதிர்மின். ஹிஸ்டோனின் லைசின், ஆர்ஜினின் நேர்மின். சுமார் பத்து கார இணைக்கு ஒருமுறை டி.என்.ஏ.யின் குறும்பள்ளம் உள்நோக்கித் திரும்பும்போது ஹிஸ்டோன் அதைப் பற்றிக்கொள்கிறது. இப்படி மொத்தம் 14 பிடிகள்.

இத்தனை வளைந்தும் இந்தப் படியில் டி.என்.ஏ.யின் நீளம் ஆறேழு மடங்குதான் சுருங்குகிறது. ஒரு செல்லின் 2 மீட்டர் டி.என்.ஏ. உட்கருவுக்குள் அடங்குவதற்கு ஹிஸ்டோன் சுற்று ஒன்றே காரணம் என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள்.