பூச்சியின் தோலைத் துளைக்கும் பூஞ்சை

பட்டுப்புழுக்களை வெளுத்து விறைத்துப்போகச் செய்து மாய்த்த கொடிய வியாதிக்கு ஒரு பூஞ்சையே காரணம் என்பதை, இத்தாலி தேசத்து லோதி நகரில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பொறுமையுடன் ஆராய்ந்து, 1835-இல் அகஸ்தினோ பாஸி நிரூபித்தார். பட்டு வளர்ப்போருக்குச் சத்துருவாய் விளங்கிய இத்தகைய பூஞ்சையை உழவருக்கு மித்திரனாக்கலாம் என்னும் அரிய சிந்தனையோடு, 1879-இல் ஒடெஸ்ஸா நகரில், கோதுமையை அழித்த வண்டின் புழுக்கள்மீது பசும்பூஞ்சையை விலங்கியல் அறிஞர் மெச்னிகோவ் பரீட்சித்தார்.

வாய்வழியே உட்செல்ல வேண்டிய அவசியமின்றி, பூச்சியின் மேல்தோலிலேயே ஒட்டிக்கொள்ளும் இப்பசும்பூஞ்சையின் வித்தானது, ஈரம் கிட்டியதும் முளைத்து, நொதிகளால் தோலை இளக்கி, விசையோடு துளைத்து உட்புகுந்து, உதிரத்தில் பல்கிப் பெருகிச் சில தினங்களில் உயிரைப் போக்கி, பின்னர் உடலின் வெளியே பச்சைப் பொடியாய்ப் படர்ந்து, அடுத்த பூச்சிக்கும் பரவுகிறது. இரை எடுக்காத பருவத்துப் பூச்சியும் இதற்குத் தப்புவதில்லை என்பது எத்துணை வியப்புக்குரியது!

மெச்னிகோவ் கையாண்ட, மெட்டாரைசியம் என்னும் அந்தப் பூஞ்சையை இன்று எருக்குழிகளில் இட்டு, தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களை நம் விவசாயிகள் ஒழிக்கின்றனர். கடும் வெயிலில் வித்துகள் வீரியம் இழக்குமாதலால், பயிர்மேல் தெளிப்போர் ஈரப்பதம் மிகுந்த மாலை வேளையில் தெளித்தல் நலம்.