வண்டூர் கடற்பூங்காவில் ஒரு நாள்

தேசப்படத்தில் வேலூரின் மீது விரலை வைத்து நேர் கிழக்கே நகர்த்துங்கள். சென்னைக்கு அருகே கரையைத் தாண்டி, வங்கக் கடலைக் கடந்து, அந்தமான் தீவுகளில் போய் நிற்கும். அட்சக்கோடு ஏறத்தாழ ஒன்றுதான். ஆயினும் நமக்கு ஆண்டு மழை சுமார் 1000 மில்லிமீட்டர். அங்கோ சுமார் 3000! அம்மழையில் செழித்த காட்டையும், அதன் காலடியில் கிடக்கும் பவளப் பாறைகளையும் சென்ற ஜனவரியில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. போர்ட் பிளேரில் கட்டட வேலை பார்க்கும் என் சித்தப்பா அழைத்திருந்தார். 2024இல் அந்நகர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. சித்தப்பாவுக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. கப்பல் பயணத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. குமட்டலைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை.

நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ளது வண்டூர். இங்கு 15 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக 281.5 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1983இல் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் படகில் சென்றது ஜாலி பாய் தீவுக்கு. பிளாஸ்டிக் பொருள்களுக்கு அங்கு அனுமதியில்லை.

கரையில் இறங்கியதும் வியக்க வைத்தது மணலின் வெண்மை. நம் பாலாற்று மணல் பாறை தேய்ந்து உண்டானது. இதுவோ பவளமும் சிப்பியும் நொறுங்கிய துகள். கிளிமீன் என்றொரு மீன், கிளி மூக்குப் போன்ற வாயால் பவளப் பாறையைக் கொறித்து, பாசியைச் செரித்துக்கொண்டு, மீதியை மணலாகக் கழிக்கிறது. நாம் ரசித்து நடக்கும் கடற்கரையில் ஒரு பகுதி மீனின் கழிவு என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். உண்மை அதுதான்.

அடியில் கண்ணாடி பதித்த படகில் அமர்ந்து பவளத்தைப் பார்த்தோம். பவளம் கல்லன்று, செடியுமன்று. ஆய்வகத்தில் நாம் கண்ட ஹைடிராவின் உறவினர். அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. ஆகவே பவளத்துக்கு ஒளி வேண்டும். ஒளிக்குத் தெளிந்த நீர் வேண்டும். நீர் அதிகம் சூடானாலும் ஆபத்தே. 2010இல் கடல் வெப்பம் உயர்ந்தபோது, பாசிகளை இழந்த அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப் போயின.

நீரைத் தெளிவாக வைத்திருப்பது எது? கரையிலுள்ள காடு! அத்தனை மழையும் வெற்று நிலத்தில் விழுந்தால் சேறு முழுவதும் கடலுக்குள் இறங்கிப் பவளத்தை மூடிவிடும். இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிடிக்கின்றன. தப்பி வரும் சேற்றை அலையாத்திக் காடுகள் வடிகட்டுகின்றன. பவளப் பாறை அலையின் வேகத்தை உடைத்து அந்தக் கரையைக் காக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. உப்புநீர் ஏறிப் பட்டுப்போன மரங்களை வண்டூர்க் கரையில் கண்டேன்.

என் தந்தை ஆம்பூரில் டேனரித் தொழிலாளி. தோலின் மயிரைக் கழிக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தச் சுண்ணாம்பு, சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு நீற்றியது. பவளத்தின் கூடும் அதே கால்சியம் கார்பனேட்தான். மன்னார் வளைகுடாவில் பவளத்தைப் பெயர்த்துக் காளவாயில் சுட்ட காலமும் உண்டு. அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. நம் பாலாற்றுக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. தோல் கழிவு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எங்கள் தெருக் கிணற்று நீரை நாங்கள் குடிப்பதில்லை.

அப்பாவுக்குக் காட்ட, கரையில் கிடந்த செத்த பவளத் துண்டொன்றை எடுத்தேன். வனக்காவலர் பார்த்துவிட்டார். 2001 முதல் பவளமும் புலியோடு சேர்த்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளதாம். வெட்கத்தோடு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஊர் வந்து அப்பாவிடம் படங்களை மட்டும் காட்டினேன். "சுண்ணாம்புக் கல்லு மாதிரியே கீதே" என்றார். சற்று நேரம் கழித்து, "தண்ணிக்குள்ள இவ்ளோ தெளிவாவா தெரியுது?" என்று கேட்டார். தான் சிறுவனாக இருந்தபோது பாலாற்று ஊற்றில் இப்படித்தான் அடிமணல் தெரியுமாம்.