தலைப்பிள்ளைக்கு ஒரு பிடி வைக்கோல்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு அணைவதே இல்லை. அச்சு முறுக்கு, கலகலா, கேக்குக்கு ஊறப்போட்ட திராட்சை, தையற்காரரிடம் நடையாய் நடப்பது... 24-ந் தேதி நடுச்சாமப் பூசையில் முழங்காலில் நிற்கும்போதுகூட, "கறிக்கு மசாலா தடவி வைத்தேனா?" என்று மனசு அடுப்படிக்கே ஓடும். தீபாவளியோ, ரம்ஜானோ, கிறிஸ்துமஸோ, நம் போன்றவர்களுக்குப் பண்டிகை என்றால் பாதிக்கு மேல் வேலைதானே!

2019-ல் எங்கள் வீட்டில் அந்த அடுப்பு எரியவில்லை. ஓசூரில் இருந்த என் மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து அழைத்துவர நாள் பார்த்திருந்தோம். அதற்குள் எட்டாம் மாதமே வலி கண்டுவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேருமுன் பிள்ளை பிறந்துவிட்டான். எடை 1 கிலோ 800 கிராம். "துணியில சுத்தக்கூட நீ பக்கத்துல இல்லையேம்மா" என்று மகள் விசும்பினாள். பக்கத்துக் கட்டில் அம்மாள்தான் தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கொடுத்தாளாம்.

பிள்ளையை வெற்று மார்போடு மார்பாக அணைத்து வைத்திருக்கச் சொன்னார்கள். 'கங்காரு முறை' என்கிறார்கள். எடை குறைந்த பிள்ளைக்குத் தாயின் உடம்புச் சூட்டைப்போல ஒரு போர்வை கிடையாது. குறைமாதப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது.

கட்டிலோரம் உட்கார்ந்து லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் பிரித்தேன். வருஷா வருஷம் கேட்கிற பகுதிதான். அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. மரியாளுக்கும் அது தலைப்பிள்ளை. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். மருத்துவச்சி வந்ததாக லூக்கா எழுதவில்லை. பெற்றவளே பிள்ளையைத் துணியில் சுற்றினாள். தங்க இடமில்லாமல் மாட்டுத் தொட்டியில் கிடத்தினாள் என்றுதான் இருக்கிறது. தேவதூதர் பாட்டெல்லாம் அப்புறம். முதலில் ஒரு பச்சை உடம்புக்காரி, கொஞ்சம் துணி, அவ்வளவுதான். கடவுள் மனிதரிடம் வந்தபோது, யாராவது தூக்கி அணைத்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையில் வந்தார். யோசிக்க யோசிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதைக் கண்ணாலேயே பார்க்க ஆசைப்பட்டவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். 1223-ல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற மலையூரில், ஜான் என்ற நண்பரிடம் சொல்லி ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு காளை, ஒரு கழுதை ஏற்பாடு செய்தார். பொம்மையோ சுரூபமோ வைக்கவில்லை. ஊர் ஜனம் தீப்பந்தங்களோடு கூடிவர, அங்கேயே பூசை நடந்தது. நாம் வைக்கிற குடில் இந்த வழக்கத்தில் வளர்ந்ததுதான். 2023-ல் அதற்கு 800 ஆண்டு நிறைந்தது. அந்த வைக்கோலைப் பத்திரப்படுத்தினார்களாம். பிரசவ வேதனையில் துடித்த பெண்கள் மேல் வைத்தபோது சுகப்பிரசவம் ஆனதாகப் பிரான்சிஸின் சரித்திரம் எழுதிய செலானோ தோமா சொல்கிறார். (நீங்கள் ஆஸ்பத்திரிக்கே போங்கள்!) எங்கோ ஒரு மலையூரில், வலியில் கிடந்த பெண்ணுக்குக்கூட அந்தத் தொட்டி சொந்தமாகிவிட்டது, பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் பலகாரம் இரண்டோடு சரி. "என்ன, இந்த வருஷமும் கலகலா கிடையாதா?" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே குடிலில் காலித் தொட்டியை வைத்துவிடுகிறோம். யாருக்கும் சொல்லாமல் ஒரு நல்ல காரியம் செய்தவர்கள் அதில் ஒரு வைக்கோலைப் போட வேண்டும். பாலன் சுரூபம் 24-ந் தேதி இரவுதான். அதுவரை காத்திருப்பதில் பிள்ளைகளுக்கு அப்படியொரு தவிப்பு!

அந்த 1 கிலோ 800 கிராம் இப்போது பள்ளிக்கூடம் போகிறது. போன வாரம் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டி, பாப்பாவுக்குக் குத்துமே?" என்றான். என் பழைய நூல் புடவையில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.