பேக்கப் இருக்கு... ஆனா கணக்கு திரும்ப வருமா?

புரட்டாசி பிறந்து மழை தலைகாட்டினால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து உரக்கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. மக்காச்சோள விதை, அடியுரம், களைக்கொல்லி எனப் பலருக்கும் கடனில்தான் சரக்கு போகும். 'தை அறுவடைக்குத் தந்துடறேன்' என்ற வார்த்தைதான் ஜாமீன். முன்பெல்லாம் இது பற்று நோட்டில் ஏறியது. இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஏறுகிறது.

அந்தக் கம்ப்யூட்டர் கார்த்திகையில் ஒருநாள் திறக்க மறுத்தால்? யார் எவ்வளவு பாக்கி என்று கடைக்காரருக்குத் தெரியாது. பாதிப் பணம் கட்டிய விவசாயி, கட்டியதை நிரூபிக்க ரசீதைத் தேட வேண்டும்.

'அதான் பென் டிரைவ்ல பேக்கப் இருக்கே' என்பார்கள். சரி, அந்தப் பென் டிரைவ் எங்கே? அதே கம்ப்யூட்டரில் சொருகியபடி! டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் உள்ளே வந்தால், சொருகியிருப்பதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

இலங்கை அரசே இப்படி அடிவாங்கியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் அரசின் கிளவுட் சேவையை ரேன்சம்வேர் தாக்கியது. சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான டேட்டா போனது போனதுதான். அந்த நாள்களுக்கு, இணைப்பில்லாமல் தனியே எடுத்துவைத்த பிரதி இல்லை.

டெல்லி எய்ம்ஸ் கதை வேறு. 2022 நவம்பர் 23-ல் அங்கு ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன. ஆனால், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. மருத்துவமனை டேட்டா அதிலிருந்து மீண்டது. அப்படியும் சுமார் இரண்டு வாரங்களுக்குப் பதிவு, பரிசோதனை, பில் எல்லாம் கையால்தான் எழுதினார்கள். டேட்டா பத்திரமாக இருப்பது வேறு, அதை மறுபடி ஓடவைப்பது வேறு.

அதனால், எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பதற்கு முன்பு இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எத்தனை மணி நேரக் கணக்கு தொலைந்தால் தாங்கலாம்? எத்தனை மணி நேரம் வேலை நின்றால் தாங்கலாம்?

உரக்கடைக்கு ஒருநாள் பில் போனாலும் பில் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்றிவிடலாம். தினமும் இரவு ஒரு முழு பேக்கப் போதும். அதில் ஒன்றைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். இன்னொன்று கிளவுடில் இருக்கட்டும். கூட்டுறவு வங்கிக்கோ மருத்துவமனைக்கோ இது போதாது. அங்கே ஒவ்வொரு பதிவும் 'லாக்' என்ற தனி ஃபைலிலும் வரிசையாக ஏறும். காலை 11:42-க்கு யாரோ தவறாக எதையோ அழித்துவிட்டால், நேற்றிரவு பேக்கப்பை ஏற்றி, லாக்கை 11:41 வரை ஓட்டி, அங்கேயே நிறுத்தலாம். செலவு அதிகம்தான். ஆனால், அங்கே தேவை.

'எங்க சர்வருக்கு உடனுக்குடன் நகல் ஓடுதே' என்பவர்களும் உண்டு. மெஷின் பழுதானால் அந்த நகல் கைகொடுக்கும். கைத்தவறு என்றால் கைகொடுக்காது. இங்கே அழித்தது அடுத்த நொடி அங்கேயும் அழிந்துவிடும்.

ஐந்து வழி... ஐந்தும் காலி!

உலகம் முழுக்க மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் 'கிட்லேப்' தளத்தில் நடந்ததைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போயிருந்த ஓர் ஊழியர் நகல் சர்வரில் கொடுக்க வேண்டிய 'அழி' கட்டளையை அசல் சர்வரில் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், அங்கே ஒன்றுமே இல்லை. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் வெர்ஷன் பொருந்தாததால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. 'தோற்றுவிட்டேன்' என்று அது அனுப்பிய மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை! ஐந்து வழிகள் வைத்திருந்தும் ஒன்றுகூட ஒழுங்காக உதவவில்லை. கடைசியில் காப்பாற்றியது, சோதனைக்காக அதே ஊழியர் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதி. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் மட்டும் போயின.

அப்படிச் சோதனைக்காக எடுக்கும் பிரதிதான் 'குளோன்'. புது பில்லிங் மென்பொருளை நேராக அசல் கணக்கில் ஏற்றிப் பார்க்காமல், குளோனில் ஓட்டிப் பார்ப்பார்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சர்வீஸ்காரரின் லேப்டாப்புக்குப் போகும் குளோனில் வாடிக்கையாளர்களின் போன், ஆதார் எண்கள் அப்படியே இருக்கும். அவற்றை மறைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பலரும் இதைச் செய்வதே இல்லை.

குளோனின் அருமை இந்த ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007-ல் திரும்பவும் பிரிந்தது. ஒரு டேட்டாபேஸை இப்படிப் பிரிப்பதாக இருந்தால் அசலில் கை வைக்கக் கூடாது. குளோனில் பிரித்து, இரண்டு பக்கமும் எண்ணிக் கூட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் கிராமமும் இரண்டு பக்கத்திலும் வரக் கூடாது. எந்தக் கிராமமும் விட்டுப்போகவும் கூடாது.

முளைக்குமா என்று பாருங்கள்

விதை வாங்கும் விவசாயி நூறு விதையை ஈரச் சாக்கில் போட்டு, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார். பேக்கப்புக்கும் அந்தச் சோதனைதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய லேப்டாப் ஒன்று போதும். அதே பில்லிங் மென்பொருளை அதில் போட்டு, நேற்றிரவு பேக்கப்பை ஏற்றுங்கள். கடைசி பில் நம்பர் சரியாக வருகிறதா? தெரிந்த நாலு வாடிக்கையாளர்களின் பாக்கி ஒத்துப்போகிறதா? எல்லாம் முடிய எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஒரு தாளில் எழுதி, கல்லாவுக்கு மேலே ஒட்டிவையுங்கள்.