தாழ்ந்துபோன சொற்கள்

மனிதரைப் போலவே சொற்களுக்கும் வாழ்வும் தாழ்வும் உண்டு. "நாற்றம்" என்னும் நம் சொல் முற்காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்றோ அதைக் கேட்டதும் மூக்கைப் பொத்துகிறோம். ஆங்கிலத்திலும் இவ்வாறு தாழ்ந்த சொற்கள் பல. அவற்றுள் திருச்சபையின் முற்றத்திற் பிறந்த மூன்றினை இங்கே நோக்குவோம்.

"டாட்ரி" என்பது மலிவான பகட்டைக் குறிக்கும். இங்கிலாந்தில் ஈலி என்னுமிடத்தில் துறவுமடம் நிறுவிய அரசி எதல்ட்ரீடாவை மக்கள் புனித ஆட்ரி என்றழைத்தனர். 679-இல் கழுத்திற் கட்டி கண்டு அவர் இறந்தார். இளமையில் கழுத்தணிகளை விரும்பியதற்குரிய தண்டனையே அது என்று அவர் கருதியதாகப் புனித பீட் எழுதியுள்ளார். பின்னாளில் அவர் பெயரால் நடந்த சந்தையிற் பட்டு நாடாக்கள் விற்கப்பட்டன. "செயின்ட் ஆட்ரி" நாவில் தேய்ந்து "டாட்ரி" ஆயிற்று. சரக்கின் தரம் குறையவே சொல்லின் மதிப்பும் குறைந்தது.

"மாட்லின்" என்பது அளவுமீறி உருகி அழும் நிலை. இது புனித மரிய மதலேனாளின் பெயரே. நற்செய்தியில் வரும் பெயர் கூறப்படாத பாவிப் பெண்ணும் இவரும் ஒருவரே என்று பல நூற்றாண்டுகள் எண்ணப்பட்டதால், ஓவியர்கள் இவரைக் கண்ணீருடனேயே தீட்டினர். ஆனால் உயிர்த்த ஆண்டவரைக் கண்டு சீடர்களுக்கு அறிவித்தவர் இவரன்றோ! 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை 22-ஆம் நாளை இவருக்குரிய விழாவாக உயர்த்தினார். அகராதியில் மட்டும் இவர் இன்னும் அழுதுகொண்டிருக்கிறார்.

மூன்றாவது "பெட்லம்", பெருங்கூச்சலும் குழப்பமும் என்பது பொருள். 1247-இல் லண்டனில் பெத்லெகேம் அன்னை மரியாவின் பெயரால் ஓர் இல்லம் நிறுவப்பட்டது. 1403-இலேயே மனநோயாளர் அங்கிருந்தனர். காலப்போக்கில் அது மனநோய் மருத்துவமனையாயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் மக்கள் அந்நோயாளரை வேடிக்கை பார்க்கவும் அங்கே சென்றனர். மீட்பர் பிறந்த ஊரின் பெயர் இவ்வாறு கூச்சலின் பெயராயிற்று.

அன்பர்களே, சொல் தானாகத் தாழ்வதில்லை. நம் நாவும் நடத்தையுமே அதனைத் தாழ்த்துகின்றன. நம் இல்லங்களிலும் மனநோயுற்றோர் உண்டு. அவர்களைப் "பைத்தியம்" என்று பிள்ளைகள் நகைக்கும்போது நாம் வாளாவிருக்கலாமா? அவர்களுக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் ஒன்று உண்டே! அப்பெயரால் அவர்களை அன்போடு அழைப்போம்; நம் பிள்ளைகளும் அதனையே கற்றுக்கொள்வர்.